இறுதி எழுநூறு மீட்டர்

விளையாட்டுப் பந்தயம் ஒன்றைப் பற்றி உங்களிடம் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வென்றவருடைய புகழைப் பாடப் பலர் உளர். தோற்றவருடைய வரலாற்றில்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை மிகுதியாக இருக்கின்றன என்பது என் கருத்து. ஆகவே, வெற்றிக் கோட்டிற்கு ஏறத்தாழ 700 மீட்டர் தொலைவில் உலகப் பட்டத்தை இழந்த ஓர் இளைஞரின் கதையை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஜானி பிரௌன்லி, இங்கிலாந்து நாட்டவர். அது நிகழ்ந்த இடம், மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையை அடுத்துள்ள கோசுமெல் என்னும் தீவு. நிகழ்ந்த நாள், 2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள்.

பந்தயத்தின் இயல்பை முதலில் தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதனை டிரையத்லான் என்பர். மூன்று, போட்டி என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைக் கொண்டு அமைத்த பெயர் அது. மும்மைப் பந்தயம் என்று நாம் தமிழில் வழங்கலாம். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், கால்களால் ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவெளி இன்றி ஒருவரே செய்து முடிக்க வேண்டும். ஒலிம்பிக் அளவு எனப்படும் முறையில் நீச்சல் 1,500 மீட்டர். மிதிவண்டி 40 கிலோமீட்டர். ஓட்டம் 10 கிலோமீட்டர். உலகின் தலைசிறந்த ஆடவர்கள் இவ்வளவையும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்!

இவ்வளவு புகழ் பெற்றிருப்பினும் இது பழமையான விளையாட்டு அன்று. அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்து ஓட்டக்காரர் சங்கத்தார், வழக்கமான பயிற்சி சலித்துப்போகாமல் இருக்கும்பொருட்டு, 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் மிஷன் பே என்னும் இடத்தில் இதனை முதன்முதலாக நடத்தினர். அன்று கலந்துகொண்டவர்கள் 46 பேர். இருபத்தாறு ஆண்டுகளுக்குள், அதாவது 2000ஆம் ஆண்டில், சிட்னி ஒலிம்பிக்கில் இதற்கும் இடம் கிடைத்தது.

இப்பந்தயத்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. நீரிலிருந்து எழுந்து ஓடிவந்து, தலைக்கவசம் அணிந்து, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கோட்டைக் கடந்த பின்னரே அதன்மேல் ஏற வேண்டும். அக்கோட்டிற்கு முன்பே ஏறிவிட்டால் தண்டனை உண்டு. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நம் ஜானியே இப்பிழைக்காக ஓட்டத்தின் நடுவே 15 நொடி அசையாமல் நிற்க நேர்ந்தது. அவ்வாறு நின்றும் அவர் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் வாங்கினார். அன்று தங்கம் வென்றவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன் அலிஸ்டேர்.

இவ்விருவரையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்ஷையரில் வளர்ந்தவர்கள். அண்ணன் 1988இல் பிறந்தவர். தம்பி 1990இல் பிறந்தவர். ஒன்றாகவே பயிற்சி செய்தவர்கள். 2016 ஆகஸ்டில் நடைபெற்ற ரியோ ஒலிம்பிக்கில் அண்ணன் தங்கமும் தம்பி வெள்ளியும் பெற்றனர். வெண்கலம் பெற்றவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஹென்றி ஷூமன். இம்மூவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு திங்கள் கழித்து, கோசுமெல் தீவில் இம்மூவரே மீண்டும் முன்னணியில் ஓடினார்கள்.

கோசுமெல் பந்தயம் அவ்வாண்டின் உலகத் தொடரில் இறுதிப் பந்தயம். பல நாடுகளில் நடக்கும் பந்தயங்களில் பெறும் புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்றவருக்கு உலகப் பட்டம் தருவார்கள். தீவுக்கு வரும்போது முன்னணியில் இருந்தவர் ஸ்பெயின் நாட்டின் மாரியோ மோலா. ஜானி பட்டம் பெற வேண்டுமாயின் இரண்டு நிகழ வேண்டும்: ஜானி முதலாவதாக வர வேண்டும், மோலா முதல் மூவருள் ஒருவராக வரலாகாது. தொழிலாகவே பந்தயம் ஓடுவோர்க்கு இத்தகைய பட்டம் புகழ் மட்டும் தருவதன்று. அதுவே பிழைப்பும் ஆகும். ஓராண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒரு பந்தயத்தில் அடங்கியிருந்தது.

அன்று அங்கே வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மிகுந்திருந்தன. நீச்சல் முடிந்தது, மிதிவண்டிப் பகுதியும் முடிந்தது. ஓட்டத்தில் பிரௌன்லி சகோதரர்களும் ஷூமனும் முன்னே சென்றனர். பிறகு ஜானி மற்ற இருவரையும் விட்டு விலகித் தனியே முந்தினார். மோலா பின்தங்கியிருந்தார். ஜானிக்கு வேண்டியிருந்த இரண்டும் கைகூடும் வேளை வந்துவிட்டது.

ஏறத்தாழ 700 மீட்டர் எஞ்சியிருந்தபோது ஜானியின் கால்கள் பின்னத் தொடங்கின. நேராக ஓட இயலாமல் சாலையின் இப்புறமும் அப்புறமும் தள்ளாடினார். பின்னர் ஓரமாக ஒதுங்கி ஏறக்குறைய நின்றேவிட்டார். அப்பதிவை நான் பன்முறை பார்த்திருக்கிறேன். அவருடைய முகத்தில் வலியைக் காட்டிலும் ஏதுமறியாத் திகைப்பே தெரிகிறது. எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு விளங்கவில்லை போலும்!

பின்னால் அலிஸ்டேரும் ஷூமனும் சேர்ந்து வந்துகொண்டிருந்தனர். பந்தயத்தை வெல்லும் வாய்ப்பு அப்போது அலிஸ்டேருக்கு இருந்தது. அவர் தம்பியின் கையை எடுத்துத் தம் தோளின்மேல் போட்டுக்கொண்டார், தாங்கியவாறே ஓடினார். ஷூமன் இருவரையும் கடந்து சென்று முதலாவதாக வந்தார். கோட்டின் அருகே வந்ததும் அலிஸ்டேர் தம்பியைத் தமக்கு முன்னே தள்ளிவிட்டார். ஜானி கோட்டைக் கடந்து தரையில் விழுந்தார். அவருக்கு இரண்டாம் இடம். அண்ணனுக்கு மூன்றாம் இடம். மோலா ஐந்தாவதாக வந்தார். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது மோலாவுக்கே உலகப் பட்டம் கிடைத்தது. வேறுபாடு எத்தனை புள்ளி என்கிறீர்கள்? நான்கே புள்ளிகள்!

வாழ்நாள் முழுவதும் பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு திங்களுக்கு முன் ஒலிம்பிக் வெள்ளி வென்ற ஒருவர், 700 மீட்டர் ஓட மாட்டாமல் போனது ஏன்? அவருக்கு மனவுறுதி குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லார். காரணத்தை உடலியலில் தேட வேண்டும். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் எழுதுகோலும் இருப்பின் எடுத்துக்கொள்ளுங்கள்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 70 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். சிறந்த ஓட்டக்காரர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்கு 1,400 கிலோகலோரி செலவாகிறது. இந்த ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை. மீந்த முக்கால் பங்கு, அதாவது 1,050 கிலோகலோரி, வெப்பமாகவே உடலில் தங்குகிறது. அவ்வெப்பம் வெளியேறாவிட்டால் யாதாகும்? 70 கிலோ உடலின் சூட்டை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 58 கிலோகலோரி போதும். நிமிடத்திற்கு 17 கிலோகலோரிக்கு மேல் பிறக்கிறபடியால், மூன்று நான்கு நிமிடங்களுக்கு ஒரு பாகை வீதம் உடற்சூடு ஏறும். கால் மணிக்குள் மனிதன் உயிருக்கே இடர் தரும் நிலையை அடைந்துவிடுவான்.

அவ்வாறு நிகழாமல் நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னுடன் கொண்டு செல்கிறது. ஆகவே மேற்கூறிய ஓட்டக்காரருக்கு மணிக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். "ஆவியாக வேண்டும்" என்னும் சொற்களைக் கூர்ந்து கவனியுங்கள். தோலிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் நனைந்துகொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் நனைந்த துணி காயாமல் நெடுநேரம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான்.

இரத்த ஓட்டத்திலும் ஒரு நெருக்கடி உண்டாகிறது. தசைகளுக்கு உயிர்வளி கொண்டு செல்ல இரத்தம் வேண்டும். உள்ளே பிறக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டு வரவும் இரத்தம் வேண்டும். வியர்வையாக நீர் வெளியேற வெளியேற இரத்தத்தின் அளவோ குறைகிறது. வருவாய் குறைந்த வீட்டில் செலவு இரண்டு மடங்கானது போன்ற நிலை அது. வேகத்தைக் குறைத்தால் இரு தேவைகளும் நிறைவேறும். குறைக்காவிட்டால் உடலின் உட்சூடு 37 பாகையிலிருந்து ஏறி 40 பாகையைத் தாண்டும். அப்போது மூளையின் வேலை தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, அறிவு மயங்குகிறது. இதனையே வெப்பத் தாக்கு என்கிறோம்.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று ஆசிரியர்களும் பெற்றோரும் உங்களுக்கு ஓயாமல் சொல்கிறோம். படிப்பிலும் தொழிலிலும் அஃது உண்மையே. ஆயின், "இன்னும் ஓடலாமா, நிறுத்தலாமா" என்று முடிவு செய்யும் மனத்திற்கு இருப்பிடம் மூளை. அந்த மூளையே சூடேறித் தடுமாறும்போது, தன் நிலையைத் தானே அளந்துகொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு இல்லாமற் போகிறது. உறுதி மிகுந்தவனுக்கே இந்த இடர் மிகுதி. உறுதி குறைந்தவன் முன்னரே நின்றுவிடுவான். உறுதியுடையவன் உடலின் எச்சரிக்கைகளை எல்லாம் மீறி, எச்சரிக்கையே எட்டாத இடத்திற்குப் போய்விடுவான்.

ஆகவே முன்கூட்டியே அளவறிந்து ஓடுவதும் ஆற்றலின் ஒரு பகுதியே. அலிஸ்டேர் இதனை ஒளிவின்றிச் சொன்னார். தம்பி அளவோடு ஓடியிருந்தால், கடைசி இரண்டு கிலோமீட்டரை மெல்ல ஓடியேனும் பந்தயத்தை வென்றிருக்கலாம் என்று அவர் அன்றே கடிந்துகொண்டார். அவருக்கும் இது அனுபவத்தில் கண்ட பாடம். 2010ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிய அவரே வெப்பத்தால் நிலைகுலைந்து, பத்தாவதாக வந்து, கோட்டருகே சாய்ந்தார். தள்ளாடும் தம்பியைக் கண்டதும் அந்நிலை எத்தகையது என்பதை அவர் உடனே உணர்ந்திருப்பார்.

இனி, அவர் தாங்கிக்கொண்டு வந்தது முறையா என்னும் வினா எழுகிறது. ஸ்பெயின் நாட்டுக் குழுவினர், பிறர் உதவியால் வந்த ஜானியின் இடம் செல்லாது என்று முறையிட்டனர். அன்றிருந்த விதிகளின்படி ஒரு போட்டியாளர் மற்றொரு போட்டியாளருக்கு உதவுவது குற்றமாகாது. ஆகவே முறையீடு ஏற்கப்படவில்லை. அவ்வினாவை அதனோடு தள்ளிவிடுதல் சரியன்று. நான்காவதாக வந்தவரை எண்ணிப் பாருங்கள். அவர் யாருடைய தோளிலும் சாயாமல், தம் கால்களாலேயே முழுத் தொலைவும் ஓடினார். தாமாக நிற்கவும் இயலாத ஒருவர் அவருக்கு முன்னே வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்கு மனக்குறை இருப்பின் அதனைத் தவறு என்று கூற என்னால் இயலவில்லை.

இத்தகைய வழக்கு விளையாட்டுலகில் புதிதன்று. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலி நாட்டு டொராண்டோ பியேத்ரி முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார். களைப்பால் பலமுறை விழுந்தார். அலுவலர்கள் தூக்கி நிறுத்தி அவரைக் கோட்டைக் கடக்கச் செய்தனர். அதன் காரணமாகவே அவர் தகுதி நீக்கப்பட்டு, அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸ் தங்கம் பெற்றார். மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியேத்ரிக்கு ஒரு கிண்ணம் பரிசளித்துச் சிறப்பித்தார். பதக்கம் விதியின்படி சென்றது. பரிவு கிண்ணமாகச் சென்றது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் ஓடிய சுவிட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ், கடைசி 400 மீட்டரை ஏறத்தாழ ஆறு நிமிடம் தள்ளாடிக் கடந்தார். மருத்துவர்கள் உடன் நடந்தும் தொடாமல் இருந்தனர். தொட்டால் அவர் தகுதி இழப்பார். அவர் 37ஆவதாக ஓடி முடித்தார்.

மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். 1908இல் உதவினார்கள், இடம் போயிற்று. 1984இல் இடம் போகாமல் இருக்க உதவாது நின்றார்கள். 2016இல் உதவியும் கிடைத்தது, இடமும் நிலைத்தது. கோசுமெல்லுக்குப் பின்னர் மும்மைப் பந்தய விதி திருத்தப்பட்டது. ஒருவரை மற்றொருவர் தாங்கியோ தள்ளியோ முன்னே கொண்டு செல்லலாகாது. சென்றால் இருவருமே தகுதி இழப்பர் என்று இப்போது விதி கூறுகிறது.

விதியைத் திருத்தியது சரி என்பேன். அண்ணன் செய்ததும் சரி என்பேன். இரண்டும் முரண்படுமே என நீங்கள் கேட்கலாம். யார் எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பது விதியின் வேலை. அது எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். துன்புறுபவனைக் கண்டால் கை நீட்டுவது மனிதனின் கடமை. அதனை எந்த விதியும் தடுக்க இயலாது. அதற்கு ஒரு விலை மட்டுமே வைக்க இயலும். தம்பியின் இடத்தில் வேறு யார் இருந்தாலும் தாம் அவ்வாறே செய்திருப்பதாகவும், மருத்துவர் இல்லாத இடத்தில் அவர் விழுந்திருந்தால் பெருந்தீங்கு நேர்ந்திருக்கும் என்றும் அலிஸ்டேர் கூறினார். இன்றைய விதியின்படி இருவரும் இடம் இழந்தாலும், கைகொடுக்க வேண்டிய வேளையில் கைகொடுப்பவனே நல்ல ஆட்டக்காரன்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்டுச் செயற்பட வேண்டும் என்பது அங்கே அரசனுக்குச் சொல்லும் அறிவுரை. ஜானி முதல் மூன்றில் தேர்ந்தவர்தாம். அன்று வெப்பமும் ஓர் எதிரியாக வந்து நின்றதை அவர் சற்றே குறைத்து எடை போட்டுவிட்டார். நான்காவதாகிய துணைவலி அவரைக் காத்தது.

ஓட்டக்களங்களில் இறங்கும் உங்களுக்கும் அந்தத் துணைவலி வேண்டும். உங்கள் தோழன் வெயிலில் ஓடும்போது தள்ளாடினால், பொருந்தாமல் பேசினால், "இன்னும் கொஞ்சம்தான், ஓடு" என்று கூச்சலிடாதீர்கள். அவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அச்சொல்லை நம்பாதீர்கள், அவனை நிறுத்துங்கள். உடல் வியர்த்திருந்தாலும் வெப்பத் தாக்கு இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். நிழலுக்குக் கொண்டு சென்று, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். பெரிய தொட்டியில் குளிர்நீர் இருந்தால் தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அதில் அமர்த்துவது மிக நன்று. நினைவிழந்தவன் வாயில் நீர் புகட்டாதீர்கள். ஒருவர் ஆசிரியரை அழைத்து வரட்டும். ஒருவர் 108 எண்ணுக்குச் சொல்லட்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது. முதலில் குளிர்விப்பு, அதன் பின்னரே பயணம் என்பது மருத்துவர் கூறும் வரிசை. அந்தச் சில நிமிடங்கள் ஓர் உயிரின் விலை பெறும்.

ஜானி அன்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு நலம் பெற்றார். அங்கிருந்தே அண்ணனுக்கு நன்றி கூறினார். அதன் பிறகும் அவர் பந்தயங்களை விடவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், டோக்கியோவில் ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் மாறி மாறி ஓடும் கலப்புத் தொடர்ப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடைபெற்றது. பிரிட்டன் அணியில் இரண்டாவதாக ஓடியவர் ஜானி. தம் பங்கை முடித்து அடுத்த வீராங்கனையின் கையைத் தொட்டு அனுப்பினார். அவ்வணி தங்கம் வென்றது. அவருடைய முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

நீங்களும் ஊக்கத்தோடு விளையாடுங்கள், அளவறிந்து விளையாடுங்கள், பக்கத்தில் ஓடுபவனையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.